வாஷிங் மெஷினுக்கு அடியில் தண்ணீர்: புதிதுதான் வாங்க வேண்டுமா?

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு வாசகி நீளமாக எழுதியிருக்கிறார். சுருக்கித் தருகிறேன்.

வீட்டில் இருப்பது ஆறு வருடம் ஆன ஃப்ரண்ட் லோட் மெஷின். இரண்டு மாதமாக, துவைத்து முடிக்கும் நேரத்தில் இடது முன்காலருகே தண்ணீர் தேங்குகிறது. தினமும் இல்லை. ஒரு நாள் வந்தால் இரண்டு நாள் வருவதில்லை. வருகிற அன்று மிதியடி முழுக்க நனைகிறது, நுரையும் இருக்கிறது. கணவர் கதவு ரப்பரைச் சுற்றி சிலிகான் பேஸ்ட் பூசிப் பார்த்தார். இரண்டு நாள் நின்றது, மூன்றாம் நாள் மறுபடி வந்தது. அப்புறம் வந்த மெக்கானிக், மெஷினை ஓட்டிப் பார்க்காமலே, "டப் சீல் போச்சு, பேரிங்கும் போயிருக்கும். இதுக்குச் செலவு பண்றதுக்குப் புதுசே வாங்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். கைத்துவையலுக்கு வாங்கும் பவுடரையே மெஷினுக்கும் போடுகிறார்கள், போர்வை துவைக்கும் நாளில் இன்னும் ஒரு கரண்டி சேர்த்து. மாமியார் ஒருமுறை வழுக்கி, சுவரைப் பிடித்துத் தப்பித்தார். மெஷினில் '10 வருட வாரண்டி' என்று ஸ்டிக்கர் இருக்கிறதே, அது இதற்கு உதவாதா என்றும் கேட்டிருக்கிறார். கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி: "ஈரக் கையோடு மெஷினைத் தொட்டால் சில நாள் சுர்ரென்று இருக்கிறது. செருப்பு போட்டுக்கொண்டால் தெரிவதில்லை."

அன்புச் சகோதரிக்கு,

அந்தக் கடைசி வரியிலிருந்துதான் நான் தொடங்க வேண்டியிருக்கிறது. ஒழுகல் ஒரு வாரம் காத்திருக்கலாம். இது காத்திருக்கக் கூடாது.

முதலில் மின்சாரம்

எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கும்வரை மெஷினை ஓட்டாதீர்கள். பிளக்கைக் கழற்றி வையுங்கள். பிளக் இருக்கும் இடத்தில் தரையோ சுவரோ ஈரமாக இருந்தால் பிளக்கைத் தொடவே வேண்டாம். மெயின் போர்டில் அந்த லைனின் எம்சிபியை (லைனைத் துண்டிக்கும் சுவிட்சை) இறக்கிவிட்டு, அதன் பிறகு கழற்றுங்கள்.

செருப்பு போட்டால் தெரிவதில்லை என்பதால் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். மெஷின் உடம்பில் கரண்ட் அப்படியேதான் இருக்கிறது. உங்கள் வழியாகத் தரைக்குப் போகும் பாதையை மட்டும் செருப்பு அடைக்கிறது. செருப்பு போடாமல் ஈரத்தரையில் நிற்கும் மாமியார், வழுக்காமல் இருக்க மெஷினையே பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குப் பதறியது அந்தக் காட்சிதான்.

காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கலாம். மின் இரைச்சலை வடிகட்ட மெஷினுக்குள் ஒரு சின்ன ஃபில்டர் சர்க்யூட் இருக்கும். அதன் வழியாக எப்போதுமே துளி கரண்ட் உடம்புத் தகட்டுக்கு வரும். எர்த் நன்றாக இருக்கும் வீட்டில் அது யாருக்கும் தெரியாது, எர்த் விட்டுப்போன வீட்டில் சுர்ரென்று தெரியும். இல்லையென்றால் ஹீட்டர் காயிலின் உறையில் விரிசல் விழுந்திருக்கலாம். அதுவும் இல்லையென்றால் ஒழுகும் தண்ணீர் ஏதோ ஒரு ஒயர் இணைப்பை நனைக்கிறது. மூன்றில் எதுவானாலும், எர்த் ஒழுங்காக வேலை செய்திருந்தால் உங்கள் கைக்கு அது வந்திருக்காது.

எலக்ட்ரீஷியனிடம் இரண்டு வேலை சொல்லுங்கள். அந்த சாக்கெட்டில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். கம்பி மாட்டியிருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்வது போதாது. அடுத்து, அந்த லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் தானே லைனைத் துண்டிக்கும் சுவிட்ச், இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் போட்டுவிடுங்கள். இருந்தால் அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அழுத்தினால் உடனே விழ வேண்டும். ஹீட்டரின் இன்சுலேஷனைச் சோதிப்பது மெஷின் மெக்கானிக்கின் வேலை, அவர் வரும்போது அதையும் கேளுங்கள். இவை முடிந்து, மெஷின் உடம்பில் கரண்ட் இல்லை என்று எலக்ட்ரீஷியன் மீட்டரில் காட்டிய பிறகு கீழே உள்ளதற்கு வாருங்கள்.

மெக்கானிக் சொன்னது சரியா?

அவர் சொன்னது நடக்காத விஷயம் இல்லை. தண்ணீர் நிற்கும் வெளித்தொட்டியான டப்பின் பின்பக்கம், துணி சுழலும் டிரம்மின் ஷாஃப்ட் நுழையும் இடத்தில் ஒரு ரப்பர் சீல் இருக்கும். அது தேய்ந்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போகும், பேரிங் துருப்பிடிக்கும், ஒழுகும். ஆனால் அப்படி ஆனால் மெஷின் சும்மா இருக்காது. ஸ்பின் ஓடும்போது விமானம் கிளம்புவது போல இரைச்சல் போடும். தண்ணீர் பின்பக்கமோ நடுவிலோ துருவின் பழுப்பு நிறத்தோடு சொட்டும். இரைச்சல் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை.

இதை நீங்களே பார்க்கலாம், கருவி எதுவும் வேண்டாம். பிளக்கைக் கழற்றிவிட்டு, காலி டிரம்முக்குள் கை விட்டு அதன் மேல் விளிம்பைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். டிரம்மும் வெளியே இருக்கும் டப்பும் சேர்ந்து ஸ்பிரிங்கில் ஆடினால் அது இயல்பு. டப் அசையாமல் டிரம் மட்டும் தனியாக லொடலொடவென்று ஆடினால் பேரிங் போயிருக்கிறது. அடுத்து டிரம்மைக் கையால் மெதுவாகச் சுற்றி, காதை அருகில் வைத்துக் கேளுங்கள். மணலை அரைப்பது போல ஒலி வந்தால் மெக்கானிக் சொன்னது சரி. வராவிட்டால் புதிது வாங்கும் பேச்சை இப்போதைக்கு நிறுத்திவைக்கலாம்.

நீங்கள் எழுதியதிலிருந்து எனக்கு முதல் சந்தேகம் மேலே இருக்கும் சோப்பு டிராயர்மீதும் அதில் விழும் பவுடர்மீதும்தான். பெரும்பாலான ஃப்ரண்ட் லோட் மெஷின்களில் டிராயர் இடது பக்கம் இருக்கும். அங்கிருந்து வழிவது முன்தகட்டின் உள்பக்கமாகவே இறங்கி இடது முன்காலருகே வந்து நிற்கும். நுரை வருவதும், சில நாள் மட்டும் வருவதும் இதோடு பொருந்துகின்றன. தண்ணீர் வந்த நாட்கள் நீங்கள் அந்தக் கூடுதல் கரண்டி போட்ட நாட்கள்தானா என்று நினைவுபடுத்திப் பாருங்கள்.

ஆனாலும் தண்ணீர் நிற்கும் இடத்தை மட்டும் நம்பி நான் முடிவு சொல்ல மாட்டேன். தரை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம்தான் தண்ணீர் போகும். ஒரு வீட்டில் முன்பக்கம் தண்ணீர் வருகிறது என்று கதவு ரப்பரை மாற்றினார்கள், பம்பை மாற்றினார்கள், மூன்று பேர் வந்து போனார்கள். நான்காவதாக நான் போய் பின்பக்கம் டார்ச் அடித்து உட்கார்ந்திருந்தேன். மெஷின் தண்ணீரை வெளியேற்றத் தொடங்கிய கணத்தில் டிரெயின் ஹோஸிலிருந்து ஊசி முனை அளவு பீய்ச்சியது. தகட்டின் கூரான ஓரத்தில் உரசி உரசி, வளைவின் அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை. தரை முன்பக்கமாகச் சாய்ந்திருந்ததால் தண்ணீர் ஓடிவந்து முன்னால் நின்றிருக்கிறது. ஒரு ஹோஸ் மாற்றியதோடு வேலை முடிந்தது. அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் எங்கே ஒழுகுகிறது என்று கேட்பதற்கு முன், எப்போது ஒழுகுகிறது என்றுதான் கேட்கிறேன்.

எப்போது ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க

தரையை நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். பழைய செய்தித்தாளை மெஷினுக்கு அடியில் எட்டும்வரை நுழைத்து விரியுங்கள். ஈரம் பட்ட இடம் கறுத்துத் தனியாகத் தெரியும், எங்கே சொட்டியது என்ற வரைபடமே அதில் கிடைத்துவிடும். நான்கு மூலையிலும் இடது, வலது, முன், பின் என்று பேனாவால் எழுதிவிடுங்கள், வெளியே இழுத்த பிறகு குழப்பம் வராது.

முதல் சோதனைக்குக் கரண்டே வேண்டாம். பிளக் கழற்றியபடியே இருக்கட்டும், தண்ணீர்க் குழாயை மட்டும் திறந்துவைத்து இரவு முழுக்க விடுங்கள். எலக்ட்ரீஷியன் வருவதற்கு முன்பே இதைச் செய்துவிடலாம். காலையில் பேப்பர் நனைந்திருந்தால் குற்றம் குழாய், மெஷினுக்குத் தண்ணீர் கொண்டுவரும் இன்லெட் ஹோஸ், அதன் வாஷர், இன்லெட் வால்வ் இவற்றுக்குள்தான். பேப்பர் காய்ந்திருந்தும் டிரம்முக்குள் தண்ணீர் சேர்ந்திருந்தால் இன்லெட் வால்வ் முழுதாக மூடவில்லை.

எர்த் சரியான பிறகு, துணி போடாமல், சோப்பும் போடாமல் ஒரு முழுச் சுற்று ஓட்டுங்கள். ஓடும்போது காலில் செருப்பும் கையில் டார்ச்சும் இருக்கட்டும். பார்ப்பது மட்டும்தான் உங்கள் வேலை. மெஷினுக்கு அடியில் கை விடாதீர்கள், பின்தகட்டைக் கழற்றிவைத்து ஓட்டாதீர்கள். தண்ணீர் ஏறும்போது டிராயரைப் பாருங்கள். டிரம் புரளும்போது கதவுக் கண்ணாடியின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். தண்ணீர் வெளியேறும்போது பின்பக்க ஹோஸையும் அது போய்ச் சேரும் சாக்கடைக் குழாயையும் பாருங்கள், அந்தக் குழாய் அடைத்திருந்தால் மெஷினில் பழுதே இல்லாமல் தரை நனையும். ஸ்பின்னில் மட்டும் வந்தால் சீல், டப்பில் விரிசல், உள்ளே தளர்ந்த கிளாம்ப் என்று பட்டியல் சுருங்கிவிடும். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் மெஷினைச் சற்று நிறுத்தி, பேப்பரை இழுத்துப் பார்த்து, நேரத்தைக் குறித்துவையுங்கள்.

இந்தச் சோப்பில்லாத ஓட்டத்தில் இன்னொன்றும் தெரியும். சோப்பே போடாதபோதும் கண்ணாடியில் நுரை கட்டினால், அத்தனையும் இதற்கு முன் போட்ட பவுடரின் மிச்சம். டப்பிலும் ஹோஸிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 60 டிகிரி வெந்நீரில், காலியாக, நுரை வருவது நிற்கும் வரைக்கும் ஓட்டுங்கள். இரண்டு மூன்று முறை தேவைப்படலாம்.

நீங்களே செய்யக்கூடியவை

பவுடரை மாற்றுங்கள். இதைத்தான் முதலில் சொல்வேன். ஃப்ரண்ட் லோட் மெஷின் குறைந்த தண்ணீரில் துணியைப் புரட்டி அடித்துத் துவைக்கிறது. கைத்துவையல் பவுடர் பக்கெட் நிறைய நுரை வருவதற்காகச் செய்தது. அது இந்த மெஷினுக்குள் போனால் நுரைக்குப் போக இடமில்லாமல் டிராயர் வழியாகவும் மேலே உள்ள காற்றுக் குழாய் வழியாகவும் வெளியே தள்ளும். நுரை நிறைய வந்தால் துணி நன்றாக வெளுக்கும் என்று நாம் எல்லோரும் நம்பிப் பழகிவிட்டோம். மெஷினில் நேர்மாறு. நுரை மெத்தை மாதிரி நின்று, துணி விழும் அடியைத் தாங்கிக்கொள்கிறது, அழுக்கு சரியாகப் போவதில்லை. குறைந்த நுரை வரும், ஃப்ரண்ட் லோடுக்கென்று எழுதியிருக்கும் டிடர்ஜென்ட் வாங்கி, பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவில் நில்லுங்கள்.

டிராயரை முழுதாக வெளியே எடுங்கள். நடுவில் ஒரு பிடி இருக்கும், அதை அழுத்தி இழுத்தால் வந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துத் தேயுங்கள். எல்லோரும் மறப்பது, அது இருந்த பொந்தின் மேற்கூரையை. டார்ச் அடித்துப் பார்த்தால் அங்கே வரிசையாகச் சின்னச் சின்னத் துளைகள் தெரியும். அவற்றில் பாதி அடைத்திருந்தால் மீதித் துளைகள் வழியாகத் தண்ணீர் வேகமாகப் பாய்ந்து முன்பக்கம் தெறிக்கும். பழைய பல் தேய்க்கும் பிரஷ் போதும். மெஷின் முன்பக்கம் சாய்ந்து நின்றாலும் டிராயரிலிருந்து வழியும், ரசமட்டம் வைத்துப் பார்த்துக் கால்களைத் திருகிச் சரிசெய்யுங்கள்.

கதவு ரப்பரின் அடி மடிப்பை விரலால் பிரித்து, பஞ்சும் முடியும் வெள்ளைப் படிவும் இருந்தால் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். ஒரு ஹேர்பின், ஒரு சேஃப்டி பின் பல நாள் அங்கேயே சுற்றிச் சுற்றி நகக்கண் அளவு கிழித்திருக்கும், ரப்பரை இழுத்துப் பிடித்தால்தான் அது வாய் திறக்கும். கண்ணாடியின் விளிம்பில் ரப்பர் உட்காரும் வட்டத்தையும் துடையுங்கள். ஒரு நூல் குறுக்கே கிடந்தாலும் அதன் வழியே தண்ணீர் இறங்கும்.

உங்கள் கணவர் பூசிய சிலிகானை எடுத்துவிடுங்கள். அவர் மீது குறை சொல்லவில்லை, ஓட்டை தெரிந்தால் அடைக்கத்தான் யாருக்கும் தோன்றும். ஆனால் அந்த ரப்பர், டிரம் ஆடும்போதெல்லாம் மடிந்து விரிய வேண்டும். பேஸ்ட் அதை விறைப்பாக்கி, பக்கத்தில் புதிதாக ஒரு கிழிசலை உண்டாக்கும். பிளாஸ்டிக் அட்டையின் ஓரத்தால் நெம்பி உரியுங்கள். கத்தி வேண்டாம். பெட்ரோல், தின்னர் எதையும் தொடாதீர்கள், ரப்பர் ஊதிப் பாழாகும். ரப்பர் ஏற்கனவே கிழிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். அதைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் கிளாம்பை மறுபடி ஏற்றுவது கைப்பழக்கம் கேட்கும் வேலை, ஆளை வைத்துச் செய்யுங்கள்.

கீழ் மூலையில் சின்ன மூடிக்குப் பின்னால் இருக்கும் பம்ப் ஃபில்டரையும் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். பிளக் கழன்றிருக்க வேண்டும், வெந்நீர் ஓடியிருந்தால் ஆறவிட வேண்டும், அடியில் அகலமான தட்டு வைக்க வேண்டும். திரும்பப் போடும்போது அவசரத்தில் கோணலாக ஏற்றிவிட்டால் மரை சிக்கி, அதுவே புதிய ஒழுகலாகிவிடும்.

இன்லெட் ஹோஸின் வாஷரைப் பொறுத்தவரை, கையால் இறுக்கிவிட்டு ஒரு கால் சுற்று கூடுதலாகத் திருகினால் போதும். ஸ்பேனர் போட்டு முறுக்கினால் வாஷர் நசுங்கி இன்னும் ஒழுகும். ஆறு வருடமாக அதே ஹோஸ் என்றால் பழுது தெரியாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். டிரெயின் ஹோஸின் வளைவு தரையிலிருந்து சுமார் 60 முதல் 100 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும்.

மெஷினைப் படுக்கவைத்து அடியைப் பார்க்கும் யோசனை மட்டும் வேண்டாம். ஆட்டத்தை அடக்க உள்ளே கனமான கான்கிரீட் எடை வைத்திருக்கிறார்கள், பல மெஷின்கள் 60 கிலோவுக்கு மேல் இருக்கும்.

வாரண்டியும் ரிப்பேரும்

அந்த 10 வருட ஸ்டிக்கர் உங்களுக்கு உதவும் வாய்ப்பு குறைவு. பல கம்பெனிகள் அப்படி எழுதுவது மோட்டாருக்கு மட்டும்தான், ரப்பரும் ஹோஸும் சீலும் அதில் வராது. வாரண்டி அட்டையை எடுத்து எந்தப் பாகத்துக்கு எத்தனை வருடம் என்று ஒருமுறை படியுங்கள். மோட்டாருக்கு இன்னும் காலம் இருக்கிறது என்றால், பின்தகட்டை நீங்களோ வெளி ஆளோ திறப்பதற்கு முன் கம்பெனி சர்வீஸில் கேட்டுக்கொள்வது நல்லது.

யாரை அழைத்தாலும் மெஷினை ஓட்டி, ஒழுகும் துளியை உங்கள் கண்ணுக்குக் காட்டச் சொல்லுங்கள். என்ன பாகம், என்ன விலை, கூலி எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கையில் கேளுங்கள். இதைக் கேட்க உங்களுக்குக் கூச்சமே தேவையில்லை, ஒழுங்காக வேலை செய்கிறவர் இதற்குக் கோபப்பட மாட்டார். யாரும் கேட்காமலே நான் காட்டிவிடுவேன், வாங்கினவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி.

ஒருவேளை பேரிங்தான் என்று உறுதியானால், உங்கள் மாடலில் டப் இரண்டாகப் பிரியுமா என்று கேளுங்கள். போல்ட் போட்டுப் பிரிக்கக்கூடிய டப் என்றால் சீலையும் பேரிங்கையும் மட்டும் மாற்றலாம், மெஷின் இன்னும் பல வருடம் ஓடும். சூடாக்கி ஒட்டி மூடிய டப் என்றால் பெரும்பாலும் மொத்தமாக மாற்ற வேண்டிவரும். அந்தச் செலவு புதிய மெஷினின் விலையில் பாதியைத் தாண்டினால், ஆறு வருட மெஷினுக்கு நான் செலவு செய்யச் சொல்ல மாட்டேன்.

எர்த் வேலை முடியும்வரை அந்த இடத்துக்கு மாமியாரை வர வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். பேப்பர் சோதனை முடிந்ததும், எந்தக் கட்டத்தில், எந்த மூலை நனைந்தது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். டிரம்மைக் கையால் சுற்றியபோது என்ன ஒலி கேட்டது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.